பட்டன் இருக்கு... பிடிப்பு இருக்கா?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் வளைகாப்பு முடித்து, பின் சீட்டில் மாமியாரும் இரண்டு சீர்த்தட்டுகளுமாகச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மேல்மருவத்தூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பெரிய வேகம் ஒன்றுமில்லை, எழுபதுக்குள்தான். பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நின்றிருந்தன. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. முன்னே நின்ற லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த குறளைத் தெளிவாகப் படிக்கிற அளவுக்குப் போய்த்தான் நின்றது. "முருகா" என்றார் மாமியார். அதற்குப் பிறகு தாம்பரம் வரை யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை வீட்டு வாசலில் குனிந்து டயர்களைப் பார்த்தேன். நான்கிலும் பட்டன், அதாவது மேல்பட்டையின் மேடுபள்ளம், கம்பீரமாக இருந்தது. பாதிகூடத் தேயவில்லை. பிரேக்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, வழக்கமாகக் காற்றடிக்கும் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிரேக் பக்கமே போகவில்லை. முன்சக்கரத்தின் ஓரச் சுவரைத் துணியால் துடைத்து, ஒரு முட்டை வடிவச் சின்னக் கட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 1117. பிறகு கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். தடம் விழவில்லை.

"இது டயர் இல்ல சார், பிளாஸ்டிக். 2017ல பதினொண்ணாவது வாரம் செஞ்சது. உங்க சின்னப் பையன் பொறந்தது எப்போ?"

பையன் பிறந்தது 2018இல். அவனைவிட மூத்த டயரில் அவனை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

ஓடித் தேய்வது, நின்று காய்வது

நம் ஊரில் சின்னக் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதை எப்படி ஓட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்கு டூவீலர் அல்லது மின்சார ரயில். கார் என்பது கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, மழைநாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விட, வருஷத்துக்கு இரண்டு தடவை சொந்த ஊருக்கு. என் 2014 மாடல் ஐ10, சித்தப்பாவிடம் இருந்து என் கைக்கு வந்தது; வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் தாண்டினால் அதிகம். இப்படிப்பட்ட வண்டியின் டயர் ரோட்டில் தேய்ந்து சாவதில்லை. வெயிலில் நின்று காய்ந்து சாகிறது.

ரப்பரோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் ஓயாமல் வினைபுரிந்துகொண்டே இருக்கும். சூடு அந்த வினையை விரட்டும். ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி இறங்கிப் பிடித்துக்கொள்வதுதான் மிருதுவான ரப்பரின் வேலை. இறுகிப்போனால் அது மேலாக உட்கார்ந்து வழுக்கும். காய்ந்த ரோட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. முதல் மழையில் தெரியும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருஷத்தில் கழற்றிவிட வேண்டும் என்பது பெரிய டயர் நிறுவனங்கள் சில தாமே சொல்லும் அறிவுரை. கார் நிறுவனங்களில் பல ஆறு வருஷம் என்கின்றன. சித்திரை வெயிலில் நிழலில்லாத தெருவோரம் நிற்கும் வண்டிக்கு ஆறு வருஷம் என்பதே என் கணக்கு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பட்ஜெட்டைப் பார்த்தால் விஷயம் தலைகீழாகிறது. கடையில் உங்களுக்கு இரண்டு டயர்களைக் காட்டுவார்கள். பேச்சுக்கு, ஒன்று 3,400 ரூபாய், 40,000 கிலோமீட்டர் வரும் என்பார்கள். இன்னொன்று 4,200 ரூபாய், "60,000 கியாரண்டியா வரும் சார், யோசிக்கவே வேண்டாம்." கால்குலேட்டரைத் தட்டினால் முதலாவது கிலோமீட்டருக்கு எட்டரைப் பைசா, இரண்டாவது ஏழு பைசா. விலை கூடியதுதான் சிக்கனம் என்று தோன்றும். கால் டாக்ஸி ஓட்டுபவருக்கு அது சத்தியமான கணக்கு. அவர் ஒன்றரை வருஷத்துக்குள் அந்தத் தூரத்தை ஓட்டி முடித்துவிடுவார். எனக்கோ 60,000 ஓட்டப் பன்னிரண்டு வருஷம் வேண்டும். ஆறாவது வருஷம் 30,000இல் இரண்டையும் கழற்றியாக வேண்டும். அப்போது முதல் டயர் பதினோரு பைசா சொச்சம், இரண்டாவது பதினான்கு பைசா. கடைசி வரை ஓட்டப்போகாத 30,000 கிலோமீட்டருக்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

இதில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. ரொம்ப நாள் தேயாமல் உழைக்க வேண்டுமென்றால் மேல்பட்டை ரப்பர் கெட்டியாக இருக்க வேண்டும். ஈர ரோட்டில் பிடிக்க வேண்டுமென்றால் இளகலாக இருக்க வேண்டும். எரிபொருள் மிச்சமாக வேண்டுமென்றால் உருளும்போது சூடாகி ஆற்றலை விழுங்காமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பவை. 1992இல் மிஷெலின் நிறுவனம் கார்பன் கரியில் ஒரு பங்குக்குப் பதிலாக சிலிக்கா சேர்த்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இந்த இழுபறி கொஞ்சம் தளர்ந்தது, தீர்ந்துவிடவில்லை. விலை குறைந்த வகைகளில் 'உழைக்கும்' என்பதை மட்டும் பெரிதாகப் போட்டு விற்றால், விட்டுக்கொடுத்தது எதை என்று கேட்பது வாங்குபவரின் வேலை. பெயரிலேயே ஜாதகம் தெரியும் டயர்களும் உண்டு. ஜே.கே. டயரின் டாக்ஸிமேக்ஸ் யாருக்கானது என்று சொல்ல வேண்டியதில்லை. சியட்டின் மைலேஸ் என்ற பெயரும் அப்படித்தான். நல்ல டயர்கள்தான், தினம் இருநூறு கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கு.

ஆக, குறைவாக ஓட்டும் குடும்பத்துக்கு என் யோசனை இதுதான்: பெயர் தெரிந்த கம்பெனியின் சாதாரண வகை, உங்கள் வண்டிக்குரிய அளவு, மழையில் நன்றாக நிற்கும் என்று பேரெடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புதிதாகச் செய்தது. எந்தக் கம்பெனி என்பதில் நான் சண்டை போட மாட்டேன்.

சுவரில் எழுதியிருப்பது

என் வண்டியின் டயரில் 155/80 ஆர்13 79டி என்று இருக்கிறது. 155 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் ஓரச் சுவரின் உயரம் என்பது. அதாவது 124 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், 13 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ வரை தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வேகம் வரை தாங்கும். ஐ10 அந்த வேகத்தைக் கனவில்தான் காண முடியும். புது டயரில் இந்தக் கடைசி எண்ணும் எழுத்தும் பழையதற்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

தேதி எண்ணைப் பற்றிச் சொன்னேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். ஆனால் இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுமையாக இருக்கும். வண்டியில் மாட்டிய பிறகு அது உட்பக்கம் போய்விட்டால் படுத்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். எனவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே, நான்கையும் தரையில் போட்டு, நான்கு தேதியையும் படிக்க வேண்டும். நான்கும் வேறு வேறாக இருக்கலாம். கடைக்காரர் மேலே தெரிவதை எடுத்துக் கொடுப்பார். குடோனில் கீழே கிடப்பதில் தேதி வேறாக இருக்கும். ஒரு வருஷத்துக்கு உட்பட்டது என்றால் கவலை இல்லை. அதைத் தாண்டினால் ஒன்று வேறு கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் பழையது என்றால் சும்மா கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். ஆறில் இரண்டை யாருக்கோ தானம் செய்தது போல.

இதில் வேடிக்கை என்னவென்றால், சென்னையைச் சுற்றியேதான் இந்தியாவின் பெரிய டயர் தொழிற்சாலைகள் பல நிற்கின்றன. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி, 1961இல் முதல் டயரை வெளியே உருட்டிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியைத்தான் இன்று எம்.ஆர்.எஃப். என்கிறோம். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே.யும் சியட்டும், கும்மிடிப்பூண்டிப் பக்கம் மிஷெலின். கூப்பிடு தூரத்தில் செய்யும் ஊரில் இருந்துகொண்டு பழைய சரக்கை வாங்குவானேன்?

ஓரச் சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். இங்கே விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம். பெயரே கேள்விப்படாத, சல்லிசான இறக்குமதி டயர்கள் முன்பு எல்லா ஊரிலும் குவிந்து கிடந்தன. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு அந்த வரத்து மட்டுப்பட்டது.

சில டயர்களில் மட்டும் 'டிரெட்வேர்', 'டிராக்‌ஷன்' போன்ற சொற்கள் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கான தர அளவு அது. டிரெட்வேர் எண் கூடினால் தேய்மானம் குறைவு. ஒரே கம்பெனியின் இரண்டு வகைகளை ஒப்பிட மட்டும் அது உதவும். டிராக்‌ஷன் என்பதுதான் எனக்கு வேண்டியது. ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடித்து நிற்கும் திறனை ஏஏ, ஏ, பி, சி என்று சொல்லும் எழுத்து. பி என்று இருந்தால் அடுத்ததைப் பாருங்கள். ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு கார் டயரிலும் ஈரப் பிடிப்புக்கு ஓர் எழுத்துப்போட்ட ஒட்டி கட்டாயம். நம் ஊர்க் கடையில் அப்படியொன்றைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஒவ்வொரு வருஷமும் புயல் எண்ணும் ஊருக்கு அது இன்னும் அதிகம் தேவை என்பது என் வருத்தம்.

உள்ளங்கை நான்கு

நான்கு பேரோடு என் வண்டி சுமார் 1,100 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 275 கிலோ. காற்றழுத்தம் 30 என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறத்தாழ 2.1 கிலோ தாங்குகிறது. வகுத்துப் பார்த்தால், ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் 130 சதுர சென்டிமீட்டர்தான். விரல்களோடு ஒரு கையைப் பரப்பி வைத்த அளவு. நான்கு கை. குடும்பம் மொத்தமும் அதன்மேல்தான் போகிறது.

மழையில் அந்தக் கைக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்துகொண்டால் வண்டி படகாகிவிடும். 1960களில் நாசா ஆய்வாளர்கள், ஈர ஓடுபாதையில் விமானச் சக்கரம் எப்போது மிதக்கத் தொடங்கும் என்று பார்த்தார்கள். அவர்கள் கண்ட எளிய சூத்திரத்தில் விமானத்தின் எடையே இல்லை. டயரின் காற்றழுத்தம் மட்டும்தான் இருந்தது. மிதக்கும் வேகம் அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தச் சூத்திரத்தில் 30 பி.எஸ்.ஐ. போட்டால் மணிக்கு 91 கி.மீ. வருகிறது. 20 போட்டால் 75க்கும் கீழே இறங்கிவிடுகிறது. காரின் டயரில் பட்டன் ஆழமும் தண்ணீரின் ஆழமும் சேர்ந்து இந்த எண்ணை மேலும் கீழும் தள்ளும். ஆனாலும் மாதத்துக்கொரு தடவை காற்றடிக்காத டயர், மழையில் எத்தனை கிலோமீட்டர் வேகத்தை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது என்பது புரிகிறதல்லவா? டயருக்குச் செலவழிக்கக் காசில்லாதவர்களும் செய்யக்கூடியது இது ஒன்றுதான். பெட்ரோல் பங்கில் இலவசம். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். நைட்ரஜன் அடித்தால்தான் நல்லது என்பவர்களுக்கு ஒரு தகவல்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்துக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்தால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அந்த எல்லை வரை காத்திருந்து வடகிழக்குப் பருவமழைக்குள் போகாதீர்கள். 3 மி.மீ. வந்துவிட்டால் புரட்டாசியிலேயே மாற்றிவிடுவது நல்லது.

இரண்டுதான் வாங்க முடியும் என்றால்

என் மைத்துனர் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார். முன்டயர் இரண்டும் மொட்டை. பின்டயர் பரவாயில்லை. கையிலிருக்கும் காசுக்கு இரண்டுதான். பாயிடம் அழைத்துப் போனேன். புதுசை முன்னால் போட அவர் ஜாக்கியைத் தூக்கிவிட்டார். "ஃப்ரன்ட் வீல் டிரைவ் சார். இழுக்கிறது, திருப்புறது, பிரேக் எல்லாம் முன்னாலதான். புதுசு முன்னாலதான் போடணும்." தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது கடையில் இதைத்தான் சொல்வார்கள். நியாயம் போலவும் இருக்கிறது.

டயர் கம்பெனிகளே சொல்வது வேறு: எந்த வண்டியானாலும் புதுசு பின்னால். காரணம் எளிது. ஈர ரோட்டில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும்; ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பி வரும். நமக்கும் ஸ்டியரிங்கில் முன்கூட்டியே தெரிந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் எந்த எச்சரிக்கையும் கிடையாது. வண்டியின் வால் சுழன்று முன்னுக்கு வரும். அதைத் திருத்தப் பந்தய ஓட்டுநருக்குத் தெரியும்; காலையில் மகளைப் பள்ளியில் விடப் போகும் நமக்குத் தெரியாது. வாதம் அரை மணி நேரம் நடந்தது. கடைசியில் பாய், "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பின்டயரை முன்னுக்கு மாற்றிக் கொடுத்தார். அதற்கு அவர் கூலி தனியாக வாங்கினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒரே ஒரு டயர் மட்டும் மாற்றுவதை விட்டுவிடுங்கள். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே வகை, ஒரே அளவு தேய்மானம் இருக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல சரக்கு

சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து நெடுஞ்சாலை ஓரம் வரை பழைய டயர் வியாபாரம் ஒன்று நடக்கிறது. கறுப்புப் பாலிஷ் பூசிப் பளபளவென்று அடுக்கியிருப்பார்கள். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளம் கீறிப் 'பட்டன்' உண்டாக்கியதும் அந்த அடுக்கில் இருக்கும். அதில் ரப்பர் மெலிந்து, உள்ளே இருக்கும் கம்பிப் பட்டைக்குப் பக்கத்தில் ரோடு வந்துவிடும். லாரியில் ரீட்ரெடிங் செய்வது முறைப்படி நடக்கும் தொழில். கார் டயரில் கீறுவது வெறும் ஏமாற்று. உள்ளே எத்தனை பஞ்சர், ஓரச் சுவரில் எந்தப் பள்ளத்தில் இடித்த கொப்புளம், எதுவும் வெளியில் தெரியாது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. புதுக் கார் எடுத்த கையோடு சிலர் அலாய் வீலுக்கும் அகல டயருக்கும் மாறிவிடுவார்கள். அவர்கள் கழற்றிப்போடும் கம்பெனி டயர் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. மேலே ரப்பர் மயிர் கூட உதிர்ந்திருக்காது. அலாய் வீல் விற்கும் கடைகளில் சொல்லிவைத்தால் கிடைக்கும். தேதியைப் பாருங்கள், உட்புறம் கையை விட்டுத் தடவிப் பஞ்சர் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். என் ஸ்டெப்னி இப்படி வந்ததுதான். பழைய ஸ்டெப்னி 2014இல் வண்டியோடு வந்தது; ஒரு நாள்கூட ரோட்டைப் பார்க்காமல் டிக்கிக்குள்ளேயே கிழவனாகிவிட்டிருந்தது. (ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் பிறந்த உபரிச் சக்கரம் அது. இங்கிலாந்தில் மறந்துவிட்டார்கள், நம் மெக்கானிக்குகள் விடவில்லை.)

அலாய் வீல் பேச்சு வந்ததால் அகல டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "165/80 போடுங்க சார், கிரிப் சூப்பரா இருக்கும்" என்பார்கள். என் 155/80 ஆர்13 டயரின் மொத்த உயரம் 578 மி.மீ. 165/80 ஆர்13 போட்டால் 594. கிட்டத்தட்ட மூன்று சதவீதம் பெரிது. முள் 80 காட்டும்போது வண்டி 82இல் போகும். 175/70 ஆர்13 என்றால் 575, உயரம் ஒத்துப்போகிறது, எடையும் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் அகலம் கூடினால் விலை கூடும், பெட்ரோல் கூடும், தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும். சிக்கனம் பார்க்கிறவர்களுக்குக் கம்பெனி கொடுத்த அளவே போதும்.

பில்

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 3,000 ரூபாய் டயர் முன்பு 3,840; இப்போது 3,540. நான்குக்கு 1,200 மிச்சம். வீல் அலைன்மென்டும் பேலன்சிங்கும் ஏறக்குறைய அந்தக் காசில் முடிந்துவிடும். அவற்றை மிச்சம் பிடிக்கப் பார்த்துப் புது டயரை ஒருபக்கமாகத் தின்னவிட்டவர்களை நான் அறிவேன். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டயரில் தயாரிப்புக் குறை வந்தால், மீதமிருக்கும் பட்டன் அளவைக் கணக்கிட்டு விலையில் கழித்துத்தான் மாற்றித் தருவார்கள். பில்லும் வரிசை எண்ணும் இல்லாமல் அந்தப் பேச்சே எடுபடாது.

என் நான்கு டயரும் மாட்டி முடித்தபோது மணி இரண்டு. பழைய நான்குக்கும் சேர்த்து எண்ணூறு ரூபாய் கழித்துக்கொள்வதாகப் பாய் சொல்லியிருந்தார். கடைப் பையன் அவற்றை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்த்தான். அங்கே ஏற்கெனவே பாலிஷ் போட்ட ஏழெட்டு டயர் நின்றிருந்தன.

"இதை என்ன பண்ணுவீங்க பாய்?"

"பட்டன் நல்லா இருக்கே சார். யாராவது கேட்டு வருவாங்க."

"காலையில பிளாஸ்டிக்னீங்க?"

அவர் சிரித்தார். "எண்ணூறு ரூவா எங்கேருந்து வருதுன்னு நெனைச்சீங்க?"

கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பட்ஜெட்டில் எண்ணூறு ரூபாய் சின்னத் தொகை இல்லை. பிறகு, பில்லில் அந்தக் கழிவை அடித்துவிட்டு, ஒரு கத்தி கொடுக்கச் சொன்னேன். ஓரச் சுவரில் ஒரு சாண் நீளம் நான்கு டயரிலும் கிழிக்க நினைத்தேன். எட்டு வருஷ ரப்பர் லேசில் இறங்கவில்லை. மூன்றாவதில் என் கை ஓய்ந்துவிட்டது. நான்காவதை, தலையில் அடித்துக்கொண்டு, பாயே கிழித்துக் கொடுத்தார்.